குட்டானுக்குள் ஒரு குவாத்தமாலா

அத்தியாயம் 3

துப்பறியும் அல்பேட்டின் அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், கொத்துரொட்டிக் கடைக்கு நேர் மேலே இருந்தது. கீழே கொத்து அடிக்கும் சத்தம் தொடங்கினால் மேலே அழுதுகொண்டிருப்பவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பசியைப் பற்றி யோசிப்பார்கள். பாதி வழக்குகள் அப்படித்தான் தீர்ந்தன என்று அல்பேட் தன்னைத் தானே நக்கலடிப்பார்.

மேசையில் ஒரு சிறிய அந்தோனியார் சுரூபம். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோனியார். ஆகவே இந்த நிறுவனத்தில் அவர்தான் முதலாளி, அல்பேட் வெறும் எடுபிடி. போன மாதம் அல்பேட் கண்டுபிடித்த ஒரே பொருள் அவருடைய மூக்குக்கண்ணாடி. அதையும் உதவியாளர் ஷரோன்தான் அவருடைய நெற்றியிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். ஷரோன் கனடாவில் பிறந்தவள். வாய்க்கு வரி கட்டச் சொன்னால் அவள் என்றைக்கோ வங்குரோத்தாகியிருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, கால் சப்பாத்தில் பனியோடு வேரோனிக்கா அக்கா ஏறி வந்தார். கைத்தொலைபேசியை அந்தோனியாரின் காலடியில் வைத்தார்.

"தம்பி அல்பேட், என்ரை மகன் றொய்சனைக் கண்டுபிடிச்சுத் தா."

"எங்கை அக்கா துலைஞ்சவர்?"

"குவாத்தமாலாவிலை."

அல்பேட் தாடியைத் தடவினார். தெற்கே அவர் போன ஆகக் கூடிய தூரம் நயாகரா.

"அது ஹாமில்டனுக்கு அங்காலைதானே?"

"ஓம் அங்கிள்," என்றாள் ஷரோன். "ஹாமில்டனாலை இறங்கி, மெக்சிக்கோவிலை லெஃப்ட் எடுத்தா வரும்."

வேரோனிக்கா அக்கா கதையைச் சொன்னார். றொய்சன் வங்கி வேலையை விட்டுவிட்டு, ஒரு முதுகுப்பையோடு தனியாக, குறைந்த செலவில் குவாத்தமாலாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவன். போன கிழமையே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. வருகிற சனிக்கிழமை அவனுடைய அக்கா ஏஞ்சலாவுக்குக் கலியாணம். தகப்பன் இல்லை. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை ஏஞ்சலாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் றொய்சன்தான்.

"கலியாணத்தைத் தள்ளிப் போடேலாதோ அக்கா?"

"கலியாணம் முடிஞ்சு வாற புதன்கிழமை விபூதிப் புதன் தம்பி. தவக்காலம் தொடங்கினா ஈஸ்டர் வரைக்கும் கலியாணம் இல்லை. லண்டன் ஆக்களும் வந்து இறங்கீட்டினம். இவன் என்னெண்டா 'பிளேனை விட்டிட்டன், வந்திடுவன், பயப்பிடாதேங்கோ' எண்டு மெசேஜ் போடுறான். சின்னனிலையிருந்து அவன் பொய் சொல்லேக்கை மட்டும்தான் 'பயப்பிடாதேங்கோ' எண்டு முடிக்கிறவன்."

ஷரோன் அவனுடைய குரல் பதிவுகளில் ஒன்றை அழுத்தினாள்.

"அம்மா, இண்டைக்கும் கோழி பஸ். சிரியாதேங்கோ, அதுக்குப் பேரே அதுதான். அமெரிக்காவிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏறி முடிச்ச பழைய பஸ்ஸுக்குக் கலர் அடிச்சு, மாதா படமும் ஒட்டி ஓட்டினம். எனக்குப் பக்கத்திலை ஒரு சேவல். அதுக்குச் சீற் கிடைச்சது, எனக்குக் கிடைக்கேல்லை. என்னை நானே கண்டுபிடிக்கப் போறன் எண்டெல்லோ வெளிக்கிட்டனான்? இதுவரைக்கும் கண்டுபிடிச்சது, எனக்கு ஸ்பானிஷ் வராது, பச்சைத்தண்ணியிலை குளிக்க வராது. எரிமலை ஏறப்போய்ப் பாதியிலை ஒரு கல்லிலை இருந்தன். முதுகிலை விறகுக் கட்டோடை ஒரு அம்மா என்னைக் கடந்து மேலை போனா. விறகை இறக்கிப்போட்டுத் திரும்பி வரேக்கையும் கடந்து போனா. நான் அப்பவும் அதே கல்லிலைதான்."

வேரோனிக்கா அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "இது முதல் மாதத்திலை போட்டது. இப்ப கடைசியா வந்ததைக் கேளுங்கோ."

கடைசிப் பதிவு மிகவும் சின்னது. "சுகமா இருக்கிறன் அம்மா, பயப்பிடாதேங்கோ." அது முடிகிற இடத்தில், தூரத்தில் இன்னோர் ஆண்குரல்: "தம்பி, குளிருது. உந்த யன்னலைச் சாத்தடா ராசா."

அல்பேட் நிமிர்ந்தார். "திரும்பப் போடு."

திரும்பவும் அதே குரல். உந்த யன்னல். பருத்தித்துறைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் எங்கேயோ பிறந்த தொண்டை.

கூடவே ஒரு படமும் வந்திருந்தது. நீலச் சுவர், இரும்பு அடுக்குக் கட்டில், கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் றொய்சன். படத்தின் ஓரத்தில் முகம் வெட்டுப்பட்ட இன்னொருவரின் கைகள். ஒரு கையில் பால் விடாத பிளேன்ரீ. மற்றக் கையின் உள்ளங்கையில் மண்ணிறமாக ஒரு கட்டி. பக்கத்து முக்காலியில், காய்ந்த ஓலையில் பொதிந்து கட்டிய உருண்டையாக ஏதோ ஒன்று.

"ஷரோன், உது என்ன?"

"சொக்லேட்?"

"பனங்கட்டி! பனை வெல்லம். முக்காலியிலை இருக்கிறது குட்டான். பனையோலையிலை சின்னனாப் பெட்டி பின்னி, அதுக்குள்ளைதான் பனங்கட்டியை வாக்கிறது. சீனி போடாத தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறது எங்கடை ஆக்களைத் தவிர ஆர்?" அல்பேட் எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றார். முக்கியமான முடிவுகளை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார், இருந்தால் நாற்காலி கிரீச்சிடும். "வெக்கை நாட்டிலை குளிருது எண்டு ஒருத்தர் சொல்லுறார். அதையும் யாழ்ப்பாணத் தமிழிலை சொல்லுறார். கையிலை பனங்கட்டி. அக்கா, றொய்சன் குவாத்தமாலாவிலை இல்லை. திரும்பி வந்திட்டார். இஞ்சைதான், ஸ்காபரோவைச் சுத்தி எங்கையோ ஒளிச்சிருக்கிறார்."

 கீழே கொத்துச் சத்தம் நின்றிருந்தது.

"ஒளிச்சோ? ஏன்?" வேரோனிக்கா அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "போகமுன்னம் ஏஞ்சலாவோடை ஒரு வாய்த்தர்க்கம். 'கலியாண வேலைக்கு உதவாமல் ஊர் சுத்தப் போறாய்' எண்டு அவள் பேசினவள்தான். அதுக்காண்டி அக்காவின்ரை கலியாணத்துக்கு வராமல் ஒளிப்பானோ?"

அவர் படி இறங்கிப் போகும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு போனார். வரும்போது பிடித்திருக்கவில்லை. அல்பேட் அதைக் கவனிக்கவில்லை. தன்னுடைய மூளையை மெச்சிக்கொண்டு நின்றார். கெட்டித்தனம் வந்து குந்தும்போது இரக்கம் எழும்பிப் போய்விடுகிறது, எல்லோருக்கும்.

குட்டான் எங்கே விற்கும்? அதுதான் துப்பு. பிளாசா பிளாசாவாகத் தேடி, அஜின்கோர்ட்டில் பேபி அன்ரியின் கடையில் வந்து நின்றார்கள். பேபி அன்ரி ஒரு பக்கம் கருவாட்டை நிறுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"குட்டானோ? அது டிசம்பரிலை நத்தாரோடை முடிஞ்சுது. இப்ப பிளாஸ்டிக் பக்கற்றிலைதான் வருது. ரொறொன்ரோ முழுக்கத் தேடினாலும் குட்டான் இல்லை. போன கிழமையும் ஒரு பெடியன் வந்து கேட்டவன். கடைசியிலை பக்கற்றிலை வாங்கினான். உடுக்க ஒரு சாரமும் கால்நோவுக்கு எண்ணெயும் வாங்கினான். சென் ஜேம்ஸ் ரவுணிலை இருக்கிறானாம்."

அல்பேட் உடனே வேரோனிக்கா அக்காவுக்கு அழைத்தார். றொய்சனுக்கு சென் ஜேம்ஸ் ரவுணில் யாரையாவது தெரியுமா? தெரியும். பிரியந்தன், பள்ளிக்கூட நாளிலிருந்தே உயிர்ச் சிநேகிதன்.

"பிடிச்சிட்டன்!" அல்பேட் கருவாட்டுக்கு மேலாகக் கையை வீசினார். "ஒளிச்சிருக்கிற இடமும் பிடிபட்டுது!"

காரில் ஷரோன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கேட்டாள். "அங்கிள், ஒரு சின்ன டவுட். குட்டான் ரொறொன்ரோவிலையே இல்லையெண்டா, படத்திலை இருக்கிறது எங்கத்தையது?"

அது மிக நல்ல கேள்வி. மிக நல்ல கேள்விகள் அல்பேட்டுக்குப் பிடிக்காது.

"றோட்டைப் பார்த்து ஓட்டு பிள்ளை."

பத்தொன்பதாம் மாடியில் கதவைத் திறந்தவன் பிரியந்தன். ஒரு கையில் பார்சல் ஒட்டும் நாடா.

"றொய்சன் எங்கை?" அல்பேட் குரலைத் தடிப்பாக்கினார்.

"குவாத்தமாலாவிலை, அங்கிள்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லீனம். கட்டிலுக்குக் கீழை பாக்கலாமோ?"

"பாக்கலாம். ஆனா எனக்குக் கட்டில் இல்லை. மெத்தை நிலத்திலை கிடக்குது."

கனடாவின் தலைசிறந்த தமிழ்த் துப்பறிவாளர் குனிந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காலுறை. அலுமாரியைத் திறந்தார். ஒரு அரிசி மூட்டை. குளியலறைத் திரையைச் சடாரென்று விலக்கினார். திரும்பியதும் அவரை அவரே கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிட்டார்.

"சந்தேக நபர் வழுக்கை," என்றாள் ஷரோன், படம் எடுத்துக்கொண்டே. "ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும். பாக்கப் பாவமா இருக்கு."

மேசையில் பாதி ஒட்டிய காட்போட் பெட்டி. உள்ளே பனங்கட்டிப் பக்கற், சாரம், எண்ணெய், தேயிலை.

"உது ஆருக்கு?"

பிரியந்தன் தயங்கினான். "அந்தப் பக்கம் போற ஆரேன் இருந்தா குடுத்துவிடலாம் எண்டு கட்டினனான். லண்டனுக்குப் போகினம், பாரிசுக்குப் போகினம், குவாத்தமாலாவுக்கு ஒருத்தரும் போகினமில்லை." பெருமூச்சு விட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தான். "நான் சொன்னா நம்பமாட்டியள். அவனோடையே கதையுங்கோ."

திரையில் அதே நீலச் சுவர். றொய்சனின் மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, அரிசி மாவைக் குவித்ததுபோல ஒரு மலை, உச்சியில் மேகம்.

"இது ஷேலா, அங்கிள். மலை ஊர். ராவிலை ரெண்டு கம்பளி போத்தாலும் பல்லுக் கிட்டும்."

அல்பேட்டின் முதல் துப்பு செத்தது. "அந்தப் பனங்கட்டி?"

"பனெலா எண்டுவினம். கரும்பிலை காய்ச்சிற கட்டி. சோளப் பொத்தியின்ரை காய்ஞ்ச மடலிலை சுத்தித்தான் சந்தையிலை விக்கினம்."

இரண்டாவதும் செத்தது. அல்பேட் மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப, அந்தக் குரல்?"

றொய்சன் தொலைபேசியைத் திருப்பினான். கீழ்க் கட்டிலில் ஒருவர், ஒரு காலில் மாக்கட்டு, கையில் பிளேன்ரீ.

"ஐயா, நான் அன்புராசா, ஊர்காவற்றுறை," என்றார் அவர் கூச்சத்தோடு. "யன்னலைச் சாத்தச் சொன்னது நான்தான். குறை நினையாதேங்கோ."

மிச்சத்தை றொய்சன் சொன்னான். அந்த ஊரிலேயே ஆகக் குறைந்த வாடகைக் கட்டிலைத்தான் அவன் தேடிப் பிடித்தது. முதல் இரவு யாரோ "அம்மா" என்று முனகியிருக்கிறார்கள். "எல்லா மொழியிலையும் அம்மா கிட்டத்தட்ட ஒண்டுதானே எண்டு திரும்பிப் படுத்திட்டன், அங்கிள். பிறகு 'ஐயோ மாதாவே' எண்டு கேட்டுது. எழும்பி இருந்திட்டன்." ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அன்புராசாவை நாடு நாடாகக் கடத்திவந்து, லொறியில் இருந்து விழுந்து கால் உடைந்ததும் விட்டுவிட்டு ஓடியிருந்தான். அடையாளப் பேப்பர் இல்லை, பாஷை இல்லை. விடுதிக்காரம்மா நல்ல மனுசி. ஆனாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பார்த்தால்தான் அவரை வைத்திருக்க முடியும் என்று சொல்லிவிட்டார். கோயில் மடத்தில் ஒரு கட்டில் வருகிற திங்கட்கிழமைதான் காலியாகும். அதற்குப் பிறகு அங்குள்ள பாதர் பொறுப்பெடுப்பார்.

"திங்கள். கலியாணம் சனி," என்றாள் ஷரோன். முதல் தடவையாக அவள் குரலில் பகிடி இல்லை.

"அம்மாவுக்கு ஏன் தம்பி சொல்லேல்லை?"

"அம்மாவுக்குச் சொன்னா செபக்குழுவுக்குச் சொன்ன மாதிரி. செபக்குழுவுக்குச் சொன்னா ரேடியோவிலை சொன்ன மாதிரி. பேப்பர் இல்லாத அன்புராசா அண்ணைக்கு அது ஆபத்து. அக்காவோடை சண்டை பிடிச்சுப் போட்டுத்தான் வந்தனான், அதுதான் நெஞ்சுக்கை நிக்குது. ஆனா இவரைத் தனிய விட்டிட்டுப் போய், கோட்டும் போட்டுக்கொண்டு நான் எப்பிடி அங்கிள் பீடத்தடியிலை நிக்கிறது?"

பின்னால் அன்புராசா சத்தம் போட்டார். "நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன் ஐயா, போடா போடா எண்டு. கேக்கிறானில்லை."

அல்பேட்டுக்குக் காலையில் வேரோனிக்கா அக்கா படிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது அப்போதுதான் மனக்கண்ணில் பட்டது. ஒரு தாயிடம் அவளுடைய பிள்ளை ஒளிந்திருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டாரே. பிள்ளை இருந்தது ஒரு நோயாளியின் கால்மாட்டில்.

"தம்பி, உன்ரை அம்மாவுக்கு நான் சொல்லத்தான் வேணும்," என்றார். "செபக்குழுவுக்குப் போகாமல் பாக்கிறது என்ரை பொறுப்பு."

வேரோனிக்கா அக்காவின் அஜின்கோர்ட் வீட்டில் லண்டன் சனம் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தது. தாயையும் மகளையும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார் அல்பேட். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தது உட்பட.

வேரோனிக்கா அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்தப் பிள்ளை சாப்பிடுதோ?"

"றொய்சனோ அக்கா?"

"அவன் சாப்பிடுவான். கால் உடைஞ்ச பிள்ளையைக் கேக்கிறன்."

"சோறும் பருப்பும் காய்ச்சிக் குடுக்கிறாராம்."

"இஞ்சை தேத்தண்ணி ஊத்தத் தெரியாது உவனுக்கு." அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "தேப்பன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். ஏஞ்சலாவை நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஏஞ்சலா உலர்த்தி இயந்திரத்தில் சாய்ந்து நின்றாள். கைகளில் மருதாணி காயவில்லை, கண்ணைத் துடைக்க முடியவில்லை. ஷரோன் ஒரு டிஷ்யூத் தாள் எடுத்து ஒற்றிவிட்டாள்.

"அவனை நிக்கச் சொல்லுங்கோ," என்றாள் ஏஞ்சலா. "நான் பேசினதை மறந்திட்டன் எண்டும் சொல்லுங்கோ." 

ஷரோன் தொண்டையைச் செருமினாள். "ஒரு ஐடியா. அங்கை போய் திங்கள் வரைக்கும் ஒரு ஆள் இருந்தாப் போதும். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியவேணும். இஞ்சை வேலை வெட்டி ஒண்டும் இருக்கக்கூடாது. கலியாண வீட்டிலை ஆளைக் காணேல்லை எண்டு ஒருத்தரும் தேடக்கூடாது."

"அப்பிடி ஆர் இருக்கினம்?" என்று அல்பேட் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

துப்பறிவாளருக்கு இந்த ஒரு துப்பு மட்டும் உடனே விளங்கியது.

குறைந்த செலவில் தனியாக ஊர் சுற்றப் போகிறவர் பாரம் குறைவாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஷரோன் சொல்லிக் கொடுத்திருந்தாள். அல்பேட் கொண்டுபோனது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதுகுப்பை ஒன்று, அதற்குள் இரண்டு சட்டையும் அந்தோனியாரும். மற்றது பிரியந்தனின் காட்போட் பெட்டி. அதற்கு மேல் வேரோனிக்கா அக்கா கட்டிய மிளகாய்த்தூள், வடகம், பலகாரம். கோழி பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஒரு சேவல் வந்தது. அதற்குச் சீற் கிடைத்தது. அல்பேட் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நான்கு மணித்தியாலம் வளைவுகளில் ஆடிக்கொண்டு நின்றார். பெட்டி சரியும் ஒவ்வொரு தடவையும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் கையை நீட்டி அதைத் தாங்கிப் பிடித்தார். ஆண்டவர் பெரிய அற்புதங்களைக் குறைத்துக்கொண்டு இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்கிறார் போலும் என்று அவர் நினைத்தார்.

வியாழக்கிழமை றொய்சன் பிளேன் ஏறினான்.

சனிக்கிழமை மத்தியானம் படம் வந்தது. கோயில் நடுப்பாதை, கூறைச்சேலையில் ஏஞ்சலா, அவளுடைய கையைப் பிடித்தபடி உரிந்த மூக்கோடு றொய்சன். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அன்புராசா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கற்றிலிருந்து ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார். 

அல்பேட்டும் கண்ணை மூடிக்கொண்டு பனங்கட்டி ஒரு கடி, பனெலா ஒரு கடி கடித்துப் பார்த்தார். எது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தைத் துப்பறியும் உலகத்துக்கு வெளியே விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

பிறகு நீலச் சுவரடியில் நின்று, கட்டைவிரலை உயர்த்தித் தன்னைத் தானே ஒரு படம் எடுத்து ஷரோனுக்கு அனுப்பினார். சுகமாக இருக்கிறேன், கலியாணம் எப்படி என்று எழுதினார்.

பதில் உடனே வந்தது.

"அங்கிள், படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். பின்னாலை பனங்கட்டி, சாரம், வடகம் எல்லாம் கிடக்குது. நீங்கள் குவாத்தமாலாவிலை இல்லை. ஸ்காபரோவிலைதான் எங்கையோ ஒளிச்சிருக்கிறியள். மரியாதையா வெளியிலை வாங்கோ, உங்களுக்கும் ஒரு சாப்பாடு எடுத்து வைச்சிருக்கு."